விற்ற பசு

வேலையைச் சேவை என்று நினைத்துச் செய்கிறவர் பதவி உயர்வு கேட்கலாமா? மற்ற ஊர்களில் எப்படியோ, திருப்பதியில் வேலை பார்க்கிறவர்களை இந்தக் கேள்வி சும்மா விடாது. இங்கே மருந்துக் கடைக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மலைப்பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார். மடப்பள்ளியில் லட்டு பிடிக்கிறவர், கல்யாணகட்டாவில் முடி இறக்குகிறவர், அன்னதானக் கூடத்தில் இலை எடுக்கிறவர், எல்லோருக்கும் தாங்கள் செய்வது சுவாமி காரியம் என்ற நினைப்பு உண்டு. அது பொய்யான நினைப்பு இல்லை. ஆனால் அந்த நினைப்பை மேலே இருக்கிறவர்கள் கையில் எடுத்துக்கொள்ளும்போது வேறு ஒன்றாகிவிடுகிறது. "சேவை செய்யறவங்களுக்கு எதுக்கும்மா இன்கிரிமென்ட்?" என்ற வாக்கியம் மிகச் சுலபமாக அவர்கள் வாயில் வருகிறது.

நான் நர்ஸாக இருந்தவள். சித்தூரில் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்து, திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, நர்சிங் சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றேன். மேலே சொன்ன வாக்கியத்தைக் கீழே நின்று கேட்டிருக்கிறேன். பிறகு அதைச் சொல்லும்படி எதிர்பார்க்கப்பட்ட நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். பெருமாள்மேல் எனக்குப் பக்தி உண்டு. அந்தப் பக்தியோடுதான் இதைச் சொல்கிறேன்: கைங்கர்யம் என்ற சொல்லை வைத்து ஒருவருடைய வளர்ச்சியை மறுக்கிறவர்கள், இந்த மலையின் கதைகளையே படிக்காதவர்கள்.

திருமலை நம்பியை எடுத்துக்கொள்வோம். ராமானுஜருக்குத் தாய்மாமன். மலையில் தங்கிப் பெருமாளுக்குத் தீர்த்தக் கைங்கர்யம் செய்தவர். ராமானுஜர் ராமாயணத்தின் ஆழ்ந்த பொருளை இவரிடம் ஒரு வருடம் பாடம் கேட்டார். அந்தப் பாடம் நடந்தது மலைமேல் அல்ல, கீழ்த் திருப்பதியில். மலையே பெருமாளின் வடிவம், அதில் அடிக்கடி கால் வைக்கக் கூடாது என்று ராமானுஜர் தயங்கியதால், வயதான நம்பி கீழே இறங்கி வந்து சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிப் போனார். உச்சிக்கால சேவை தவறிப்போகிறதே என்று அவர் வருந்த, பெருமாளே அடிவாரத்தில் பாதம் பதித்துக் காட்சி கொடுத்தார் என்பது ஐதிகம். அலிபிரி வழியாக நடந்து ஏறுகிறவர்கள் அந்தப் பாதத்தைச் சேவித்துவிட்டுத்தான் படி ஏறுகிறார்கள். எத்தனை பேர் அதை இப்படி நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை: கற்பிக்கிறவர் கற்கிறவர் இருக்கும் இடத்துக்கு இறங்கி வந்ததன் அடையாளம் அது.

நம்பி தண்ணீர் சுமந்த கதையும் இதே வகை. கோயிலிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாபவிநாசத்திலிருந்து அவர் தினமும் குடம் சுமந்து வருவார். ஒருநாள் வேடன் ஒருவன் பின்னாலேயே வந்து, "தாத்தா, தாகமா இருக்கு" என்று கேட்டான். பெருமாளுக்கு என்று எடுத்த தீர்த்தத்தை எப்படிக் கொடுப்பது? அவர் மறுத்தார். வேடன் பின்னாலிருந்து அம்பு விட்டுக் குடத்தைத் துளைத்துக் குடித்துவிட்டான். இனி திரும்பப் போய்க் கொண்டுவரும் தெம்பு இல்லையே என்று அவர் கலங்கி நின்றபோது, வேடன் மலைப்பாறையில் இன்னொரு அம்பு விட, ஆகாசகங்கை இறங்கியது. பாபவிநாசத்தைவிடக் கோயிலுக்குப் பக்கம். அன்றிலிருந்து அங்கிருந்துதான் தீர்த்தம். அதன் நினைவாக, அத்யயன உற்சவம் முடிந்ததும் திருமலையில் இன்றும் தண்ணீரமுது உற்சவம் நடக்கிறது.

இந்தக் கதையில் வேடனாக வந்த பெருமாள், "நீ செய்வது சேவை, தூரத்தைப் பற்றிப் பேசாதே" என்று சொல்லவில்லை. வேலைக்காரரின் வயதைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், தூரத்தைக் குறைத்தார். ஆனால் வேலையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவும் இல்லை. வார்டில் ஐம்பது வயதைத் தாண்டிய சிஸ்டர்களிடம் நாங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு தப்பைத்தான் செய்கிறோம். ஒன்று, இளம் வயதுக்காரர்களைப் போல ஓடச் சொல்வோம். இல்லையென்றால் 'உங்களுக்கு முடியாது' என்று ரிஜிஸ்டர் எழுத உட்கார வைத்துவிடுவோம். மருந்து ஸ்டோரை வார்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதெல்லாம் முன்கதை. நான் சொல்ல வந்தது கோவிந்தரின் கதை. பின்னாளில் எம்பார் என்று பெயர் பெற்றவர். ராமானுஜரின் சித்தி மகன், நம்பிக்குச் சீடர். ராமானுஜர் திருப்பதியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காட்சியைப் பார்க்கிறார். கோவிந்தர் ஆசார்யனுக்குப் படுக்கை விரிக்கிறார். விரித்துவிட்டு அதில் தானே படுத்துப் பார்க்கிறார். குருவின் படுக்கையில் சீடன் படுப்பது பாவம் அல்லவா, நரகம் அல்லவா கிடைக்கும் என்று ராமானுஜர் கேட்கிறார். கிடைக்கட்டும், ஏதாவது உறுத்துகிறதா என்று பார்க்காமல் அவரை எப்படிப் படுக்க விடுவேன் என்கிறார் கோவிந்தர். வேலையில் தேர்ச்சி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் கண்டதில்லை. போர்வையை நான்கு மூலையும் இழுத்துச் செருகிவிட்டால் படுக்கை தயார் என்று நினைக்கிறவர் உண்டு. முதுகெலும்பு உடைந்து திரும்ப முடியாமல் கிடக்கும் நோயாளியின் முதுகுக்குக் கீழே கையை விட்டு ஒரு சுருக்கத்தைத் தேடுகிறவரும் உண்டு. படுக்கைப் புண் வருவதும் வராததும் அந்தச் சுருக்கத்தில் இருக்கிறது.

வருடம் முடிந்து புறப்படுகிறபோது ராமானுஜர் நம்பியிடம் ஒன்று கேட்கிறார்: கோவிந்தரை எனக்குத் தர வேண்டும். நம்பி தயங்கவில்லை. தாரை வார்த்துக் கொடுத்துவிடுகிறார். கோவிந்தர் ராமானுஜரோடு போகிறார். காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்ததும் ஆசார்யனைப் பிரிந்த ஏக்கத்தில் வாடிப் போகிறார். இதைக் கண்ட ராமானுஜர், போய் நம்பியைச் சேவித்துவிட்டு வா என்று அனுப்புகிறார். கோவிந்தர் அத்தனை தூரம் நடந்து திருமலை நம்பி வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். நம்பி முகம் கொடுக்கவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை. நம்பியின் மனைவிக்கு மனசு பொறுக்கவில்லை. பசித்து வந்திருக்கிறான், ஒரு வாய் பிரசாதமாவது கொடுங்கள் என்கிறார். விற்றுவிட்ட பசுவுக்குப் புல் போடுவார்களா என்று நம்பி திருப்பிக் கேட்கிறார். கோவிந்தர் வாசலிலேயே விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். பிறகு அவர் ராமானுஜர் கோஷ்டியிலேயே வேரூன்றி, எம்பாராகி, அந்தப் பரம்பரையில் அடுத்த தலைமுறையைத் தாங்கி நின்றவர்களில் ஒருவரானார்.

சித்தூர் வீட்டில் என் பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம்பிமேல் கோபம் வரும். இன்றைக்கும் அந்த அம்மாவின் பக்கமே என் மனம் சாய்கிறது. நடந்து வந்தவனுக்கு ஒரு கவளம் சோறு போட்டிருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. கோவிந்தரை யாரும் கேட்கவில்லை. போகச் சம்மதமா, இருக்கச் சம்மதமா என்று ஒரு வார்த்தை இல்லை. சீடன் ஆசார்யனின் சொத்து என்ற அந்தக் காலத்து ஒழுங்கில் அது சரியாக இருக்கலாம். மனிதர்களை ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு ஒரே இரவில் மாற்றுகிற நிர்வாகங்கள் அதை முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டால் நான் எதிர்த்து நிற்பேன்.

ஆனால் அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது பெரிய விஷயம். நம்பிக்குக் கோவிந்தரைவிட நல்ல சீடன் கிடையாது. வயதாகிவிட்டது. படுக்கை விரிக்கவும் கை கொடுக்கவும் பக்கத்தில் ஆள் வேண்டிய நேரம். அந்த நேரத்தில்தான் அவர் கொடுக்கிறார். கோவிந்தர் தன்னிடம் இருந்தால் நல்ல படுக்கை விரிப்பார். ராமானுஜரிடம் போனால் வேறு ஆளாக வளர்வார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொடுத்த பிறகு ஒரு கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொள்ளவும் இல்லை. 'உன்னை ஆளாக்கினவன் நான்' என்று அப்பப்போ கூப்பிட்டுச் சோறு போடுகிற மேலதிகாரிகளை எனக்குத் தெரியும். அவர்கள் போடுகிற சோற்றுக்கு விலை அதிகம்.

எனக்கு வாய்த்த முதல் இன்சார்ஜ் சிஸ்டர் நம்பியின் கதையைக் கேட்டிருப்பாரா என்று தெரியாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். குழந்தைகள் வார்டு. வயிற்றுப்போக்கில் உடம்பெல்லாம் வற்றிப்போய் வரும் கைக்குழந்தைக்கு நரம்பு பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். கண் குழி விழுந்திருக்கும், உச்சிக்குழி உள்ளே போயிருக்கும், புறங்கையில் நூல் போல ஒரு நீலம் தெரியும். விரலை வைத்தால் அதுவும் மறைந்துவிடும். அவர் ஐந்து நிமிஷத்தில் போட்டுவிடுவார். எல்லாக் குழந்தைக்கும் அவரே போட்டிருந்தால் வார்டு வேகமாக ஓடியிருக்கும். ஆனால் மஞ்சள் நிற 24 கேஜ் கேனுலாவை என் கையில் கொடுத்து, "நீ போடு. நான் இங்கேயேதான் நிக்கறேன்" என்பார். பின்னால் நிற்பார். கையைப் பிடிக்க மாட்டார். குழந்தையின் அம்மா முறைக்கும்போது, "எங்க சிஸ்டர் நல்லா போடுவா" என்று அவர் சொல்வார், நான் அதுவரை ஒன்றுகூடச் சரியாகப் போட்டிருக்காதபோதே. ஊசியின் பின்பக்கம் முதல்முறையாக ரத்தம் தெரிந்த அந்த நொடியில் எனக்கு வந்த நிறைவை அதற்குப் பிறகு எந்தச் சம்பள உயர்வும் தரவில்லை. அப்படிச் சொல்வதால் சம்பள உயர்வு வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு பசி.

பிறகு நான் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க ஆசைப்பட்டேன். சித்தூரில் பிறந்த எவளுக்கும் நர்சிங் என்றால் முதலில் ஞாபகம் வருவது முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் வேலூர்தான். சி.எம்.சி.யில் நர்சிங் பள்ளி 1909இல் தொடங்கியது. 1946இலேயே பட்டப்படிப்பு வந்துவிட்டது. டிப்ளமோவோடு நின்றுவிட்டவர்களுக்கு அந்தப் பட்டம் ஒரு கதவு. படிக்கப் போக வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்.ஓ.சி. வேண்டும். இன்சார்ஜ் சிஸ்டர் என் விண்ணப்பத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, "ரெண்டு வருஷம் ஆள் இல்லாம நான் சமாளிச்சுக்கறேன், நீ கிளம்பு" என்றார். அதற்கு மேலே இருந்தவர் அதை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். போய்க் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "நீ போனா வார்டை யார் பார்ப்பா? நல்லா வேலை செய்யறவளை எப்படி விடறது?" பாராட்டுப் போலக் கேட்கும். வெளியே வரும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். அந்த வருடம் அட்மிஷன் போய்விட்டது. அடுத்த வருடமும் டிராயர்தான். கடைசியில் அவர் மாற்றலாகிப் போன பிறகே போனேன்.

சோம்பேறிக்கு அந்த என்.ஓ.சி. சீக்கிரம் கிடைத்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை அதே இடத்தில் இருப்பது. என்னோடு சேர்ந்தவர்களில் மனசு விட்டுப்போனவர்களை எண்ணிப் பார்த்தால், வேலை அதிகம் என்பதால் விட்டுப்போனவர்கள் குறைவு. தான் நின்ற இடத்திலேயே நிற்கிறோம், அதைப் பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை என்ற எண்ணம்தான் அவர்களை உள்ளே அரித்தது.

இந்த இடத்தில் கீதையைச் சொல்லி வாயை அடைப்பார்கள். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று இரண்டாம் அத்தியாயத்தில் பகவானே சொல்லியிருக்கிறாரே என்பார்கள். சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கே உட்கார்ந்து சொன்னார்? தேரில் அர்ஜுனன் உட்காரும் இடம் உயரம், சாரதி உட்காரும் இடம் கீழே. கீழே உட்கார்ந்து குதிரைக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். துரோண பருவத்தில் ஜயத்ரதனைத் துரத்தும் அந்த நீண்ட பகலில் குதிரைகள் களைத்துப்போனபோது, அவற்றின் உடம்பில் தைத்திருந்த அம்புகளைத் தன் கையால் பிடுங்கி, தண்ணீர் காட்டி, தேய்த்துவிட்டவர் அவர். திருவல்லிக்கேணியில் உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் இருக்கும் தழும்புகள் பீஷ்மரின் அம்பு பட்டவை என்று சொல்கிறார்கள். அர்ஜுனனுக்கு வந்த அம்பைத் தன் முகத்தில் வாங்கியவருக்குப் பலனைப் பார்க்காதே என்று சொல்லும் தகுதி இருக்கிறது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து லீவு சீட்டில் சிவப்பு மை போடுகிறவர் அதே வார்த்தையைச் சொன்னால் அது உபதேசம் ஆகாது.

என் முடிவு இதுதான். பலனை விடுவது என்பது வேலை செய்கிறவர் தானாக எடுக்கவேண்டிய தீர்மானம். அதை அவர் சார்பாக இன்னொருவர் எடுக்க முடியாது. ஒருவர் தன் பங்குச் சோற்றைத் தானே பிறருக்குக் கொடுத்தால் அது தானம். அவர் தட்டிலிருந்து எடுத்துவிட்டு 'நீ தியாகி' என்று சொன்னால் அதற்கு வேறு பெயர். கைங்கர்யம் என்பது எஜமானனின் முகமலர்ச்சிக்காகச் செய்வது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த எஜமானன் பெருமாள் ஒருவர்தான். டிபார்ட்மென்ட் தலைவர் தன்னை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவரும் நம்மோடு குடம் சுமக்கிறவர். ஒரு படி முன்னால் நடக்கிறார், அவ்வளவே.

பெருமாள் பெயரைச் சொல்லாமலே, கீழே வேலை பார்க்கிறவரை வளரவிடுவதைச் செய்துகாட்டிய இடம் ஒன்று எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. மதனபள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்யவரம். பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய காசநோய் சானடோரியம், 1915இல் திறந்தது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் சிகிச்சை. முதல் சூப்பரின்டென்டென்ட் டென்மார்க்கிலிருந்து வந்த மிஷனரி மருத்துவர் ஃப்ரிமோட் மோலர். அவருக்குக் கீழே உதவி மருத்துவராக இருந்து வளர்ந்தவர் பி. வி. பெஞ்சமின். வெள்ளைக்காரர்கள் தலைமைப் பதவியை இந்தியர்களுக்குக் கொடுக்கத் தயங்கிய காலத்தில், மோலருக்குப் பிறகு ஆரோக்யவரத்தின் தலைமைக்கு வந்தது பெஞ்சமின். மோலர் டெல்லியில் காசநோய்ச் சங்கத்தின் மருத்துவ ஆணையராகப் போனார். பிற்பாடு பெஞ்சமின் இந்திய அரசின் காசநோய் ஆலோசகரானார். 1948இல் நாட்டில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதனையாகத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த இடங்களில் மதனபள்ளியும் ஒன்று. குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிற அந்த ஊசியை நான் போட்ட ஒவ்வொரு முறையும் ஆரோக்யவரத்தை நினைத்துக்கொள்வேன். மோலர் நல்ல உதவியாளர் ஒருவரைக் கடைசிவரை உதவியாளராகவே வைத்துக்கொண்டிருந்தால் ஆரோக்யவரம் அவரோடு முடிந்திருக்கும்.

நான் சூப்பரின்டென்டென்ட் ஆன பிறகு நிர்வாகப் பயிற்சி வகுப்பு ஒன்றில், ஒருவர் தன் வேலை வாழ்க்கையில் எவ்வளவு நிறைவாக இருக்கிறார் என்று அளக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் ஐந்து கேள்விகளைக் கொடுத்தார்கள். கிரீன்ஹாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1990இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தவை. இதுவரை அடைந்தது, மொத்த இலக்கை நோக்கிய முன்னேற்றம், வருமானம், பதவி, புதிதாகக் கற்ற திறமை, இந்த ஐந்திலும் திருப்தியா என்று கேட்கும். கேள்விகளைவிட அந்த ஆய்வு எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று நிறுவனங்களில் கறுப்பின மேலாளர்களையும் வெள்ளையின மேலாளர்களையும் வைத்துச் செய்தது. கறுப்பினத்தவர்கள் தங்களை இங்கே ஏற்றுக்கொள்ளவில்லை என்று அதிகம் உணர்ந்தார்கள், தாமாக முடிவெடுக்கும் சுதந்திரம் குறைவாக இருந்தது, மேலதிகாரிகள் போட்ட மதிப்பெண்ணும் குறைவு, வளர்ச்சி ஓரிடத்தில் நின்றுபோனவர்களும் அவர்களில் அதிகம். நிறைவும் குறைவு.

ஆக, நிறைவு என்பது மனப்பக்குவம் மட்டும் இல்லை. யாருக்கு முதலில் கற்றுக்கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. எங்கள் வார்டுகளையே அந்தக் கண்ணோடு பார்த்தேன். புது மானிட்டர் வந்தால் டெமோவுக்கு யார் பெயர் போகிறது? ஐ.சி.யு. டிரெய்னிங் யாருக்கு? பர்மனென்ட் ஆட்களுக்கு, சூப்பரின்டென்டென்டின் ஊர்க்காரர்களுக்கு, அதிகாரிகளின் பாஷையைச் சரளமாகப் பேசுகிறவர்களுக்கு. குப்பத்திலிருந்தோ நகரியிலிருந்தோ வந்த பெண், தெலுங்கில் தமிழ் வாடை அடித்தால், இரவு டியூட்டி சார்ட்டில் அதிகம் இருப்பாள், டிரெய்னிங் லிஸ்டில் இருக்க மாட்டாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. கை பழகினவர்களிடமே வேலை போகிறது, போகிற இடத்துக்கே வளர்ச்சியும் போகிறது. இன்சார்ஜ்கள் மாதாமாதம் கொடுக்கும் ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் சேர்த்தேன்: இந்த மாதம் யாருக்கு என்ன புதிதாகக் கற்றுக்கொடுத்தீர்கள், உங்கள் வார்டிலிருந்து யார் படிக்கவோ மேல் பதவிக்கோ போனார்கள். முதலில் முணுமுணுத்தார்கள். பத்து வருஷமாக என் வார்டை விட்டு ஒரு பெண்ணும் போனதில்லை என்று பெருமையாகச் சொன்ன ஒரு இன்சார்ஜிடம், அது பெருமை இல்லை அம்மா, அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

ராமானுஜரின் சீடர் அனந்தாழ்வானின் நந்தவனக் கதையில் எல்லோரும் கடப்பாரையைத்தான் சொல்வார்கள். கர்ப்பிணி மனைவியோடு அவர் குளம் வெட்ட, மண் சுமக்க உதவிக்கு வந்த சிறுவன்மேல் கோபத்தில் எறிந்த அந்தக் கடப்பாரை மகாத்வாரத்தில் இன்னும் தொங்குகிறது. சிறுவனாக வந்தவர் பெருமாளே, அவர் மோவாயில் பச்சைக் கற்பூரம் வைப்பதும் அந்த அடியால்தான் என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன்னும் பின்னும் நடந்தது. குளிரும் மலையில் போய்ப் பூக்கைங்கர்யம் செய்ய யார் தயார் என்று ராமானுஜர் ஸ்ரீரங்கத்தில் சபை நடுவே கேட்டார், கட்டளை இடவில்லை. எழுந்து நின்றவர் அனந்தன் ஒருவர்தான். பிறகு ராமானுஜர் மலைக்கே வந்து அந்தத் தோட்டத்தை நேரில் சுற்றிப் பார்த்து, உன்னை வளர்த்ததன் பலனைக் கண்டேன் என்று மகிழ்ந்து சொன்னார். ஒருவர் செய்த வேலையை அந்த இடத்துக்கே போய்ப் பார்ப்பது. இதற்குப் பட்ஜெட் வேண்டாம்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஏணியே இல்லாதவர்களுக்கு என்ன சொல்வது? நர்ஸுக்கு ஹெட் நர்ஸ், அதற்கு மேல் சூப்பரின்டென்டென்ட் என்று படிகள் உண்டு. கான்ட்ராக்டில் வரும் ஆயாவுக்கு? கல்யாணகட்டாவில் தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி முடி இறக்குகிறவருக்கு? சேர்ந்த நாளும் ஓய்வு பெறும் நாளும் அவர்களுக்கு ஒரே மாதிரி இருக்கும். கைங்கர்யம் என்ற சொல்லை அதிகமாகக் கேட்கிறவர்களும் அவர்கள்தான்.

எங்கள் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்து ஸ்டெரிலைசேஷன் அறையில் ஓர் ஆயா இருந்தார். புத்தூர்ப் பக்கத்து கிராமம். நான்காவதோடு படிப்பு நின்றுவிட்டது. டிரம் துடைக்கவும் தரை கழுவவும்தான் அவரைப் போட்டிருந்தார்கள். அவர் ஆட்டோகிளேவ் அருகே நின்று கவனித்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் டெக்னீஷியன் வெளியே எடுத்து வைத்த டிரம்மைக் காட்டி, "இது வேகலை மேடம்" என்றார். பார்த்தால் இன்டிகேட்டர் டேப்பில் கோடு சரியாகக் கறுக்கவில்லை. 121 டிகிரிக்கு வந்து தேவையான நேரம் நிற்காவிட்டால் அந்தக் கோடு வெளிறியே இருக்கும். அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கத்தரியும் துணியும் யாருடைய வயிற்றுக்குள் போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு முறையாகக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். பிரஷர் மீட்டரைப் படிப்பது, டிரம்மை நெருக்கி அடுக்காமல் ஆவி உள்ளே போக இடம் விடுவது, ஈரத்தோடு எடுக்கக் கூடாது என்பது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் புதிதாக வந்தவர்களுக்கு அவர் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். லோடு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் பெயரைத் தெலுங்கில் எழுதினார். எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்த யாரும் அவருக்கு நிறைவு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அதைப் பார்த்துத்தான் நிர்வாகத்தில் ஒருவர் என்னிடம், "பாருங்க, அவங்களே சந்தோஷமா இருக்காங்க, சம்பளம் எதுக்கு மாத்தணும்?" என்றார். அந்த ஆயாவின் சந்தோஷம் அவருடையது. அதை எங்கள் கணக்கில் வரவு வைக்க முடியாது என்று சொன்னேன். டெக்னீஷியன் வேலையைச் செய்கிறவருக்கு ஆயா சம்பளம் கொடுப்பது தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு போஸ்ட் இல்லை என்று ஃபைல் திரும்பி வந்தது. படிப்புத் தகுதி இல்லை என்று அடுத்த முறை வந்தது. வேலை பார்த்துக்கொண்டே கற்றவர்களுக்கு உள்ளேயே ஒரு தேர்வு வைத்து, தேறியவர்களுக்கு உதவி டெக்னீஷியன் என்று ஒரு பதவியும் அதற்கு ஒரு சம்பளமும் கொடுங்கள் என்று மறுபடி எழுதினேன். நான் ஓய்வு பெற்ற வாரமும் அந்த ஃபைலின் நகலோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் என்னிடம் வேலை கற்றவர்தான். அதை அவர் எடுத்துப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். தேர்வுக்கான பாடத்தை எழுதித் தரும்படி கேட்டார். ஆட்டோகிளேவ் பகுதியை அந்த ஆயா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்.